கராஜ் பிளக்ல மோட்டார்ஹோமை மாட்டி ராத்திரி முழுக்க ஏசி போடலாமா?

நீங்க கேட்டதை நான் சரியா புரிஞ்சிக்கிட்டேனான்னு முதல்ல சொல்லிடறேன். டல்லாஸ் பக்கம் இருக்கீங்க, பழைய 30 ஆம்ப் மோட்டார்ஹோம் (உள்ளயே படுக்கை, சமையல் வசதி எல்லாம் இருக்கற வண்டி) ஒண்ணு வாங்கியிருக்கீங்க, ஜூன்ல ஊர்லேந்து ரெண்டு பக்கத்து அப்பா அம்மாவும் வர்றாங்க, வீட்டு ரூமை எல்லாம் அவங்களுக்கு விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் டிரைவ்வேல நிக்கற வண்டியில படுத்துக்கலாம்னு யோசனை. கராஜ்ல இருக்கற சாதாரண பிளக்ல அடாப்டர் போட்டு மாட்டினா ஏசி ஓடுமான்னு கேக்கறீங்க, தெரிஞ்சவர் ஒருத்தர் அடாப்டர் இருந்தா போதும்ங்கறார், இன்னொருத்தர் வீடே பத்திக்கும்ங்கறார். கடைசில போற போக்குல, கராஜ்ல எலெக்ட்ரிக் காருக்குன்னு போட்ட 14-50 அவுட்லெட்டும் (240 வோல்ட், 50 ஆம்ப் பெரிய பிளக்) இருக்குன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்க, அதுக்கு அப்புறம் வர்றேன், அந்த வரி ரொம்ப முக்கியம். ஆனா கேள்வி முழுசையும் படிச்சா ஏசி ஓடுமாங்கறது இல்ல உங்க கவலை, வாரக்கணக்குல தினமும் ராத்திரி அது ஓடிட்டு இருக்கும்போது உள்ள பயம் இல்லாம தூங்கலாமாங்கறதுதான். இது ரெண்டும் வேற வேற கேள்வி. ஓடும், பெரும்பாலும் ஓடும். பயமில்லாம தூங்கறதுக்கு இன்னும் சில விஷயம் பாக்கணும்.

நான் இங்க லைசன்ஸ் வாங்கி வீட்டு ஒயரிங் வேலை பல வருஷமா பண்ணிட்டு இருக்கேன், கூடவே ஆர்வி, அதாவது மோட்டார்ஹோம் மாதிரி வண்டிங்களோட எலெக்ட்ரிக்கல் ரிப்பேரும் பாக்கறேன். அதனால வண்டிய பத்தி, பிளக்கை பத்தி கீழ சொல்றதை உறுதியா எடுத்துக்கலாம். ஆனா உங்க வீட்டுச் சுவத்துக்குள்ள என்ன ஒயர் ஓடுது, அந்த பிளக் எத்தனை வருஷம் பழசு, அதே லைன்ல வேற என்னல்லாம் மாட்டியிருக்குன்னு இங்க உக்காந்துட்டு என்னால சொல்ல முடியாது, அதை நீங்களே பாத்தாகணும், எப்படி பாக்கறதுன்னு சொல்றேன்.

முதல்ல கணக்கு. நம்ம ஊர்ல 15 ஆம்ப் பவர் பிளக்னா 230 வோல்ட், அதாவது சுமாரா 3450 வாட், ஏசியோ கீசரோ எதை மாட்டினாலும் தாங்கும், அந்த நெனப்புலயே இங்கயும் 15 ஆம்ப்னா நெறைய இருக்குன்னு தோணும். இங்க வீட்டு பிளக் 120 வோல்ட், 15 ஆம்ப் லைன்னா மொத்தமே 1800 வாட், 20 ஆம்ப் லைன்னா 2400 வாட். அதுலயும் மூணு மணி நேரத்துக்கு மேல விடாம ஓடற லோடுன்னா 80 சதவீதத்தோட நிறுத்திக்கணும்ங்கறது இங்க வழக்கமான கணக்கு, அதனால 15 ஆம்ப் லைன்ல 12 ஆம்ப், 20 ஆம்ப் லைன்ல 16 ஆம்ப்தான் ராத்திரி முழுக்க எடுக்கலாம். உங்க வண்டியோ 30 ஆம்ப்புக்கு, 3600 வாட்டுக்கு கட்டினது. பாதி கரண்ட்டை குடுத்துட்டு முழு வண்டியையும் ஓட்ட பாக்கறீங்க, எல்லா தலைவலியும் இங்கேந்துதான் ஆரம்பிக்குது. உங்க பிளக் எந்த வகைன்னு தெரியணும்னா மூஞ்சிய பாருங்க, ஒரு பக்க ஓட்டை படுக்கை கோடு போட்ட டி மாதிரி இருந்தா 20 ஆம்ப் அவுட்லெட், ரெண்டும் நேர் கோடா இருந்தா 15 ஆம்ப் அவுட்லெட். ஆனா 20 ஆம்ப் லைன்லயும் 15 ஆம்ப் அவுட்லெட் போடறது சகஜம், அதனால வீட்டு கரண்ட் பெட்டியில, அதாவது பேனல்ல, பிரேக்கர் (நம்ம ஊர் எம்சிபி) மேல என்ன நம்பர் இருக்குன்னு பாத்தாத்தான் லைன் என்னன்னு தெரியும்.

இப்ப ஏசி. உங்க வண்டி கூரை மேல இருக்கறது 13,500 பிடியூன்னு எழுதியிருக்கீங்க, நம்ம ஊர் கணக்குல ஒரு டன்னுக்கு கொஞ்சம் மேல. இந்த அளவு பழைய கூரை ஏசி ஓடும்போது 12 ஆம்ப்லேந்து 15 ஆம்ப் வரைக்கும் இழுக்கும். ஏன் இவ்ளோ வித்தியாசம்னா வெளியில வெயில் ஏற ஏற கம்ப்ரசர் அதிக அழுத்தத்துல வேலை செய்யணும், கரண்ட்டும் ஏறும். அதனால ராத்திரி பத்து மணிக்கு மேல 12 ஆம்ப்ல சாதுவா ஓடற அதே ஏசி மத்தியானம் மூணு மணிக்கு 100 டிகிரி வெயில்ல 14, 15ன்னு போய் பிரேக்கரை தட்டி விட்டுடும். 15 ஆம்ப் லைன்ல டெக்சாஸ் ஜூன் மத்தியானத்துல ஏசி போடறதை நான் சரின்னு சொல்ல மாட்டேன். 20 ஆம்ப் லைன், அதுல வேற எதுவும் மாட்டலன்னா ஓட்டலாம். பிரேக்கர் பேனலே வெயில் படற வெளிச்சுவத்துல இருந்தா, இங்க நெறைய வீட்டுல அப்படித்தான் வச்சிருக்காங்க, பிரேக்கர் ஏற்கனவே சூடா இருக்கும், அது உள்ள சூட்டுல வளையற தகடை வச்சுதான் ஓவர்லோடை கண்டுபிடிக்குது, அதனால நம்பர்ல இருக்கறதுக்கு முன்னாடியே விழும். அப்ப பிரேக்கரை மாத்தி பெருசு போடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, 14 நம்பர் ஒயருக்கு 15 ஆம்ப், 12 நம்பர் ஒயருக்கு 20 ஆம்ப் (இங்க நம்பர் சின்னதானா ஒயர் தடிமன்னு ஞாபகம் வச்சுக்கோங்க), அதுக்கு மேல பிரேக்கர் போட்டா காப்பாத்த வேண்டியது ஒயரை காப்பாத்தாது.

ஏசி மட்டும்தான் போட்டேன், ஏன் ட்ரிப் ஆச்சுன்னு நெறைய பேர் கேப்பாங்க. நீங்க போடாமலே வண்டி தானா எடுத்துக்கற கரண்ட் இருக்கு. முக்கியமானது கன்வெர்ட்டர், 120 வோல்ட்டை 12 வோல்ட்டா மாத்தி பேட்டரிய சார்ஜ் பண்ற பெட்டி. பேட்டரி நிறைஞ்சிருந்தா 1, 2 ஆம்ப்தான் எடுக்கும், காலியா இருந்தா மணிக்கணக்கா 6லேந்து 8 ஆம்ப் வரைக்கும் இழுக்கும். ரெண்டாவது ஃபிரிட்ஜ், பழைய வண்டியில கேஸ்லயும் கரண்ட்லயும் ஓடற வகை இருக்கும், ஆட்டோல விட்டா பிளக் மாட்டின உடனே அது கரண்ட்டுக்கு தாவிடும், 3 ஆம்ப் போச்சு. மூணாவது வாட்டர் ஹீட்டர், அதுல எலெக்ட்ரிக் எலிமெண்ட் இருந்தா 1400 வாட்டுக்கு மேல, அதாவது 12 ஆம்ப், அது மட்டுமே ஒரு 15 ஆம்ப் லைனை முடிச்சிடும். முந்தின ஓனர் அந்த சுவிட்ச்சை ஆன்லயே விட்டிருப்பார், அது பல வண்டியில வெளிப்பக்கம் ஹீட்டர் கதவுக்கு பின்னாடி ஒளிஞ்சிருக்கும், தேடி பாத்து ஆஃப் பண்ணுங்க. ஃபிரிட்ஜ், ஹீட்டர் ரெண்டையும் கேஸுக்கு மாத்திடுங்க. பேட்டரிய ஏசி போடறதுக்கு முந்தின நாளே பிளக்ல விட்டு ஏசி இல்லாம முழுசா சார்ஜ் ஏத்திடுங்க. இதை மட்டும் பண்ணினா பாதி ட்ரிப் நின்னுடும்.

அதுக்கு மேல ஒரு நேரத்துல ஒரு பெரிய சாமான்தான். மைக்ரோவேவ் மேல 1000 வாட்னு எழுதியிருந்தாலும் அது சாப்பாட்டுக்கு போற வாட், பிளக்லேந்து 1500 வாட் வரைக்கும் எடுக்கும். எலெக்ட்ரிக் கெட்டில் 1500 வாட், ஹேர் டிரையர் 1500க்கு மேல, இன்டக்‌ஷன் அடுப்பு 1800. ஏசி ஓடும்போது இதுல எதுவும் கூடாது. ராத்திரி சுக்கு காப்பி வேணும்னா வீட்டுக்குள்ள போட்டு ஃபிளாஸ்க்ல எடுத்துட்டு வாங்க. ஃபோன் சார்ஜர், லைட், லேப்டாப் எல்லாம் கணக்குல சேர்த்தி இல்ல, தாராளமா போடுங்க. அம்மா மிக்ஸி கொண்டு வந்தா அது 230 வோல்ட் மிக்ஸி, வண்டியிலயும் சரி வீட்டுலயும் சரி இந்த பிளக்ல ஓடாது.

சரி, பத்திக்கும்னு சொன்னவர் கதைக்கு வர்றேன், அவர் சொன்னது முழுக்க புரளி இல்ல. இந்த விஷயத்துல நான் பாத்த கருகல் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே இடத்துல, பிளக்கும் அவுட்லெட்டும் சேர்ற இடத்துல, இல்லன்னா அடாப்டருக்குள்ள. அவுட்லெட்டுக்குள்ள ரெண்டு பித்தளை தகடு பிளக் காலை இறுக்கி பிடிக்கணும், பத்து பதினஞ்சு வருஷம் வேக்குவம் கிளீனர், டிரில்லுனு மாட்டி கழட்டினா அந்த பிடி தளர்ந்துடும். தளர்ந்த இடத்துல 0.1 ஓம் தடை வந்துச்சுன்னு வைங்க, கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல, ஆனா 13 ஆம்ப் ஓடும்போது அங்க 17 வாட் சூடு, ஒரு சின்ன சால்டரிங் அயர்னை சுவத்துக்குள்ள வச்சு ராத்திரி முழுக்க ஆன்ல விட்ட மாதிரி. அந்த சூட்டுல தகடு இன்னும் தளரும், பித்தளை கறுக்கும், தடை 0.2 ஆகும், சூடு ரெட்டிப்பாகும். இதுல கொடுமை என்னன்னா பிரேக்கருக்கு இது தெரியவே தெரியாது, ஏன்னா அது பாக்கறது மொத்த கரண்ட்டை, கரண்ட் 13தான், எல்லைக்குள்ள இருக்கு. பிரேக்கர் விழல, அப்ப எல்லாம் ஓகேன்னு நெனைக்கறதுதான் இதுல இருக்கற பெரிய தப்பு. வேக்குவம் கிளீனர் பத்து நிமிஷம் ஓடும், யாரும் கவனிக்க மாட்டாங்க. கூரை ஏசி எட்டு மணி நேரம் ஓடும், அதே அவுட்லெட் அப்பதான் காட்டிக் குடுக்கும்.

அதனால இந்த பிளக்கைத்தான் வாரக்கணக்குல யூஸ் பண்ண போறீங்கன்னா அந்த அவுட்லெட்டை புதுசா மாத்திடுங்க. கடையில மலிவா கிடைக்கறதை எடுக்காதீங்க, ஹெவி டியூட்டி அல்லது கமர்ஷியல் கிரேடுன்னு போட்டது வாங்குங்க, ஒயரை பின்னாடி ஓட்டையில சும்மா குத்தி விடற மாதிரி கனெக்‌ஷன் வேண்டாம், ஸ்க்ரூ போட்டு இறுக்கினதா இருக்கணும். எலெக்ட்ரீஷியனுக்கு இது ரொம்ப சின்ன வேலை. அடாப்டர்லயும் உருண்டையா குட்டியா ஒரே கட்டியா வர்றது வேண்டாம், ரெண்டு முனைக்கும் நடுவுல ஒரு சாண் ஒயர் இருக்கறது வாங்குங்க, டாக்போன்னு கேட்டா குடுப்பாங்க. 30 ஆம்ப் கேபிள் தடிமனா கனமா இருக்கும், குட்டி அடாப்டர்ல மாட்டினா அந்த வெயிட்டு பூரா அவுட்லெட்டை கீழ இழுத்து பிடிய தளர்த்தும். மாட்டி அரை மணி நேரம் கழிச்சு அடாப்டரையும் பிளக்கையும் தொட்டு பாருங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி பாருங்க. வெதுவெதுப்பு பரவால்ல, கைய வச்சு பிடிச்சுக்கிட்டே இருக்க முடியலன்னா உடனே ஏசிய நிறுத்துங்க. பிளாஸ்டிக் வாசனை, பழுப்பு நிறம், உருகின ஓரம் எது தெரிஞ்சாலும் அந்த அடாப்டரும் அவுட்லெட்டும் குப்பைக்கு, ஒண்ணை மட்டும் மாத்தினா பழசு புதுசையும் கெடுத்துடும்.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் கார்டு. வேண்டாம்ங்கறதுதான் என் பதில். மோட்டார்ஹோமோட சொந்த கேபிளே வழக்கமா 25, 30 அடி வரும், உள்ள 10 நம்பர் ஒயர், நல்ல தடிமன். வண்டிய பின்னாடி எடுத்து அந்த கேபிளே எட்டற மாதிரி நிறுத்துங்க, அடாப்டர் அவுட்லெட் பக்கம் இருக்கட்டும். எட்டவே எட்டாதுன்னா ஆர்விக்குன்னே விக்கற 30 ஆம்ப் எக்ஸ்டென்ஷன் வாங்கி வண்டி கேபிளுக்கும் அடாப்டருக்கும் நடுவுல போடுங்க. கராஜ்ல தொங்கற ஆரஞ்சு கார்டு இருக்கே, கிறிஸ்துமஸ் லைட்டுக்கு வாங்கினது, அது பெரும்பாலும் 16 நம்பர் ஒயர், மெல்லிசு. 50 அடி 16 நம்பர் கார்டுல 13 ஆம்ப் ஓடினா 5 வோல்ட் அதுலயே போயிடும், கிட்டத்தட்ட 70 வாட் கார்டை சூடாக்கறதுக்கு போகும், சுருட்டி வச்சிருந்தா அந்த சூடு வெளிய போக வழி இல்லாம உருகும். 100 அடின்னா 10 வோல்ட் காலி. அதே 50 அடி 12 நம்பர் கார்டுல 2 வோல்ட் சொச்சம்தான். கராஜ் ஷட்டருக்கு அடியில கேபிளை விட்டு ஷட்டரை இறக்கி நசுக்காதீங்க, கேபிள் பக்கம் கொஞ்சம் இடைவெளி விட்டு நிறுத்துங்க.

வோல்ட்டை ஏன் இவ்ளோ சொல்றேன்னா ஏசி கெட்டுப் போறது அதுலதான். கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகற நொடில 50 ஆம்ப் பக்கம் இழுக்கும், அரை செகண்டுக்கும் கம்மிதான், பிரேக்கர் அதை தாங்கிக்கும். ஆனா வழியில மெல்லிசு ஒயர் இருந்தா அந்த நொடில 20 வோல்ட்டுக்கு மேல சரியும், கம்ப்ரசர் சுத்த முடியாம ஹம்முனு முக்கிட்டு நின்னுடும், திரும்ப முயற்சி பண்ணும், ஒவ்வொரு தடவையும் உள்ள வைண்டிங் சூடாகும். ஓடிட்டு இருக்கும்போதும் வோல்ட் குறைஞ்சா மோட்டார் அதை ஈடு கட்ட கரண்ட்டை கூட்டி எடுக்கும். வண்டிக்குள்ள ஒரு பிளக்ல செருகற வோல்ட் மீட்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க, விலை ரொம்ப கம்மி. ஏசி ஓடும்போது 110க்கு மேல இருந்தா நிம்மதியா விடுங்க, 108க்கு கீழ வந்தா ஒயரை, கனெக்‌ஷனை சந்தேகப்படுங்க, 105க்கு கீழ போனா ஏசிய நிறுத்திடுங்க. சாயங்காலம் தெருவுல எல்லா வீட்டு ஏசியும் சேந்து ஓடற நேரத்துல ரெண்டு மூணு வோல்ட் தானாவே குறையும், அந்த நேரத்து ரீடிங்தான் முக்கியம். 30 ஆம்ப் இஎம்எஸ் பெட்டின்னு ஒண்ணு விக்கறாங்க, வோல்ட் 104 பக்கம் இறங்கினா தானா கட் பண்ணிடும், எர்த் இல்லன்னாலும் நியூட்ரல் மாறியிருந்தாலும் கரண்ட்டை உள்ள விடாது. நீங்க தூங்கற வண்டிங்கறதால அதுக்கு செலவு பண்றது தப்பே இல்ல.

கராஜ் பிளக்ல இன்னொரு தொல்லை ஜிஎஃப்சிஐ. டெஸ்ட், ரீசெட்னு ரெண்டு பட்டன் வச்ச அவுட்லெட். போற கரண்ட்டுக்கும் திரும்பி வர்ற கரண்ட்டுக்கும் 5 மில்லி ஆம்ப் வித்தியாசம் வந்தாலே கட் பண்ணிடும், அதுதான் ஆளை காப்பாத்தறது. பழைய மோட்டார்ஹோம்ல ஃபிரிட்ஜ் எலிமெண்ட்ல கொஞ்சம், ஹீட்டர் எலிமெண்ட்ல கொஞ்சம், மைக்ரோவேவ்ல கொஞ்சம்னு கசிவு சேந்து மாட்டின உடனே ட்ரிப் ஆகும். கண்டுபிடிக்கற வழி இதுதான்: வண்டி பேனல்ல எல்லா பிரேக்கரையும் ஆஃப் பண்ணிட்டு மாட்டுங்க, அப்புறம் மெயின், அப்புறம் ஒண்ணொண்ணா ஆன் பண்ணுங்க, எதை போட்டதும் விழுதோ அதுலதான் கசிவு, பெரும்பாலும் அது வாட்டர் ஹீட்டர் எலிமெண்டா இருக்கும். எல்லாமே ஆஃப்ல இருந்தும் விழுதுன்னா வண்டிக்குள்ள நியூட்ரலும் எர்த்தும் எங்கயோ தொட்டுக்குது, வண்டி பிரேக்கர் ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரலை வெட்டாது, அதனாலதான். அது ஆள் வச்சு பாக்க வேண்டிய வேலை. இன்வெர்ட்டர் ஆன்ல இருக்கும்போது மாட்டினாலும் சில வண்டியில அந்த ஒரு கணம் ட்ரிப் ஆகும், இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணிட்டு மாட்டி பாருங்க. பழைய வீடுகள்ல ஒரே ஜிஎஃப்சிஐ கராஜ், வெளிய இருக்கற பிளக், பாத்ரூம் எல்லாத்தையும் சேத்து பாத்துக்கும், அப்ப உள்ள மாமியார் ஹேர் டிரையர் போட்டா உங்க ஏசியும் போயிடும். கராஜ்ல ரெண்டாவது ஃபிரிட்ஜோ ஃபிரீசரோ அதே லைன்ல இருக்கான்னும் பாருங்க, ராத்திரி ட்ரிப் ஆகி காலையில பாத்தா மீன் எல்லாம் உருகியிருக்கும். இதை சரிபாக்க சுலபம், பேனல்ல அந்த பிரேக்கரை ஆஃப் பண்ணிட்டு வீடு பூரா சுத்தி எது எதுல கரண்ட் இல்லன்னு எழுதி வச்சுக்கோங்க.

ட்ரிப் ஆகுதேன்னு கோவத்துல ஜிஎஃப்சிஐயை சாதா அவுட்லெட்டா மாத்தறது, பிளக்கோட மூணாவது காலை, அந்த எர்த் காலை வெட்டறது, ரெண்டு கால் அடாப்டர் போடறது, இது எதையும் செய்யாதீங்க, தயவு செஞ்சு. வண்டி நிக்கறது ரப்பர் டயர் மேல, பூமியோட அதுக்கு இருக்கற ஒரே தொடர்பு அந்த கேபிள்ல வர்ற எர்த் ஒயர்தான். அது இல்லாம உள்ள எங்கயாவது கசிவு வந்தா வண்டியோட மெட்டல் பாடி முழுக்க கரண்ட் ஏறி சும்மா நிக்கும். உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. வெளிய ஈர தரையில வெறுங்காலோட வந்து கதவு கைப்பிடிய தொடறவருக்குத்தான் அடிக்கும், காலையில செடிக்கு தண்ணி விட்டுட்டு காபி குடுக்க வர்ற அப்பாவோ அம்மாவோவா இருக்கும் அது. தொடாமலே கரண்ட்டை காட்டற பேனா டெஸ்டர் வாங்கி, மாட்டின ஒவ்வொரு தடவையும் படிக்கட்டு, கைப்பிடி கிட்ட காட்டி பாருங்க, கத்துச்சுன்னா யாரும் தொடக்கூடாது, வீட்டு பக்க பிரேக்கரை ஆஃப் பண்ணிட்டுத்தான் பிளக்கை கழட்டணும்.

இப்ப அந்த 14-50. உங்க கேள்விக்கு நல்ல பதில் ஏற்கனவே உங்க கராஜ் சுவத்துல இருக்குங்கறது என் அபிப்பிராயம். 14-50ங்கறது 50 ஆம்ப் ஆர்விக்கும் அதே பிளக்தான், கேம்ப் கிரவுண்ட்ல இருக்கறதும் அதே. அதுலேந்து 30 ஆம்ப்புக்கு டாக்போன் அடாப்டர் விக்கறாங்க, கேம்ப் கிரவுண்ட்ல 30 ஆம்ப் கம்பம் கிடைக்காதவங்க தினமும் பண்றது. அந்த அடாப்டர் ரெண்டு ஃபேஸ்ல ஒண்ணை மட்டும் எடுத்து 120 வோல்ட்டா வண்டிக்கு குடுக்கும், வண்டியோட 30 ஆம்ப் மெயின் பிரேக்கர் எல்லைய பாத்துக்கும். உங்களுக்கு முழு 30 ஆம்ப் கிடைக்கும், ஏசியும் மைக்ரோவேவும் ஒண்ணா ஓடும், மேல புலம்பினதுல முக்கால்வாசி தேவையே இல்ல. ஒரே சிக்கல், கார் சார்ஜ் ஆகறதுக்கு நியூட்ரல் ஒயர் தேவை இல்ல, அதனால சில வீட்டுல காசு மிச்சம் பண்ண நியூட்ரலே இழுக்காம விட்டிருப்பாங்க. மல்டிமீட்டர் வச்சிருக்கற ஆளை கூப்பிட்டு பாக்க சொல்லுங்க, ரெண்டு பக்க ஓட்டைக்கும் நடுவுல 240 வரணும், ஒவ்வொரு பக்கத்துக்கும் நடு நேர் ஓட்டைக்கும் 120, 120 வரணும். நியூட்ரல் இல்லன்னா உங்க 30 ஆம்ப் வண்டிக்கு கரண்டே வராது, அவ்வளவுதான், ஆனா நாளைக்கு 50 ஆம்ப் வண்டி வச்சிருக்கற நண்பர் வந்து அதே அவுட்லெட்ல நேரா மாட்டினார்னா அவர் வண்டியில 120 வோல்ட் சாமான் மேல 200க்கு மேல கூட ஏறி கருகிடும். அதனால நியூட்ரல் இல்லன்னு தெரிஞ்சா சரி பண்ணிடுங்க, இல்லன்னா மேலயே எழுதி ஒட்டி வைங்க. காரை ராத்திரி சார்ஜ் பண்ண முடியாதுங்கறதுதான் இதுல நஷ்டம், பகல்ல மாத்தி மாத்தி போட்டுக்கலாம். தினமும் மாட்டி கழட்டறதை தாங்காத மலிவான 14-50 அவுட்லெட்டும் நெறைய வீட்டுல இருக்கு, சூடு பாக்கற பழக்கம் இதுக்கும் பொருந்தும்.

கார் அவுட்லெட்டை விட மனசில்லன்னா டிடி-30ங்கற ஆர்வி அவுட்லெட் ஒண்ணு தனியா போடலாம், சிட்டி பெர்மிட் எடுத்து, 10 நம்பர் காப்பர் ஒயர், 30 ஆம்ப் சிங்கிள் போல் பிரேக்கர். இதுல எலெக்ட்ரீஷியன்கிட்ட வாய் விட்டு சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு: இது 120 வோல்ட். 30 ஆம்ப்னு சொன்ன உடனே துணி காயப்போடற டிரையர் பிளக்னு நெனச்சு பழக்க தோஷத்துல டபுள் போல் பிரேக்கர் போட்டு 240 குடுத்துடறாங்க, நல்லா வேலை தெரிஞ்சவங்களே இதை பண்றாங்க. அப்படி மாட்டின வண்டிங்களை நான் ரிப்பேர் பாத்திருக்கேன், கன்வெர்ட்டர், மைக்ரோவேவ், ஃபிரிட்ஜ் போர்டு எல்லாம் ஒரே நொடில போயிருக்கும். அவுட்லெட் போட்டு முடிச்சதும் அவர் எதிர்லயே மீட்டர் வச்சு 120 காட்டுதான்னு பாத்துட்டு அப்புறம் வண்டிய மாட்டுங்க.

சாஃப்ட் ஸ்டார்ட் போடலாமான்னு கேட்டிருந்தீங்க. கம்ப்ரசர் கிளம்பற நொடில வர்ற அந்த பெரிய இழுப்பை அது நல்லா குறைக்கும், அதுல சந்தேகம் இல்ல, சின்ன ஜெனரேட்டர்ல ஏசி ஓட்டறவங்களுக்கு அது அருமையான சாமான். ஆனா ஓட ஆரம்பிச்ச அப்புறம் இழுக்கற 13 ஆம்ப்பை அது குறைக்காது, உங்க பிரச்சினை எட்டு மணி நேர ஓட்டம், அதனால முதல் செலவு அதுல வேண்டாம். அந்த காசுல கூரை ஜன்னலுக்கும் முன் கண்ணாடிக்கும் உள்ள வெள்ளி பூசின இன்சுலேஷன் ஷீட் வெட்டி வைங்க, வண்டிய மத்தியான நிழல் விழற பக்கம் நிறுத்துங்க. இந்த வண்டிங்க சுவரு மெல்லிசு, வெயில்ல ஊறிடுச்சுன்னா ஏசி ராத்திரி வரைக்கும் மூச்சு வாங்கும். படுக்க போற நேரத்துல போடாம, சாயங்காலம் வெயில் இறங்கினதுமே போட்டு மெதுவா குளிர வைங்க. கேஸ்ல ஃபிரிட்ஜ் ஓடற வண்டியில தூங்கறீங்க, கார்பன் மோனாக்சைடு அலாரமும் கேஸ் அலாரமும் வேலை செய்யுதான்னு பாருங்க, பின்பக்கம் காலாவதி தேதி போட்டிருக்கும், பழைய வண்டியில அது எப்பவோ தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். உங்க எச்ஓஏ (அந்த ஏரியா வீட்டுக்காரங்க சங்கம்) டிரைவ்வேல ஆர்வி நிக்க விடுமான்னும் இப்பவே கேட்டுடுங்க.

எல்லாரும் வந்து இறங்கறதுக்கு முன்னாடி வர்ற ஒரு சனிக்கிழமை மத்தியானம், நல்ல வெயில்ல, ஒத்திகை பாருங்க. முதல்ல 14-50ல, நியூட்ரல் இருக்குன்னு உறுதியான அப்புறம். அது முடியலன்னா புது அவுட்லெட் போட்ட கராஜ் பிளக்ல, ஆனா அதை 20 ஆம்ப் லைன்னா மட்டும் வெயில்ல போடுங்க, 15 ஆம்ப்னா ராத்திரி மட்டும். ஏசி போடறதுக்கு முன்னாடி வோல்ட் எவ்ளோ, போட்டு அரை மணி கழிச்சு எவ்ளோ, ரெண்டு மணி கழிச்சு எவ்ளோ, அடாப்டர் எவ்ளோ சூடுன்னு குறிச்சு வைங்க. பேனல்ல அந்த பிரேக்கர் நம்பரையும், ஏசி மேல ஒட்டியிருக்கற லேபிள்ல இருக்கற ஆம்ப் கணக்கையும் சேத்து இங்கயே போடுங்க, பாத்துட்டு ராத்திரி முழுக்க விடலாமா வேண்டாமான்னு சொல்றேன்.